நீல அட்டையில் இல்லாத ஒரு வரி

வயலில் கதிர்கள் வெளுத்து நின்றால் பயிர் பழுக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். கதிரின் கழுத்தைப் பாருங்கள். கறுத்துச் சுருங்கியிருந்தால், தொட்டதும் ஒடிந்தால், அது கழுத்துக் குலைநோய். நெல்லை நசுக்கினால் பாலே இருக்காது. இலையில் கண் வடிவப் புள்ளிகளாக எச்சரிக்கை முன்பே வந்திருக்கும். அதன்பின் பனியும் மேகமூட்டமும் நீடித்து, யூரியாவும் கூடிப்போனால் கேட்கவே வேண்டாம்.

இலைமேல் விழும் இந்நோயின் பூஞ்சாண வித்து சிறு குமிழாக உப்பி, கார் டயரில் உள்ளதைப் போல 40 மடங்கு அழுத்தத்தோடு இலையைத் துளைக்கிறது. உள்ளே போனதும் பயிரின் தற்காப்பை முடக்கும் புரதங்களைச் செலுத்துகிறது. எதிர்ப்பு மரபணு உள்ள ரகம் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு, தாக்கப்பட்ட செல்லைத் தானே சாகடித்துவிடும். பூஞ்சாணம் அங்கேயே முடங்கும். இலையில் மிஞ்சுவது குண்டூசி முனையளவு பழுப்புப் புள்ளிதான்.

இத்தகைய மரபணுக்கள் நூறுக்குமேல் கண்டறியப்பட்டுள்ளன. வியட்நாமின் டெட்டெப் நெல் தந்தது பிஐ 54. ஒரைசா மினுட்டா என்ற காட்டு நெல் தந்தது பிஐ 9. பூசா பாஸ்மதி 1847 ரகத்தில் பிஐ 2, பிஐ 54 இரண்டையும் இனக்கலப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டு எதற்கு? கோவையில் உருவான கோ 39 பதில் சொல்லும். பூஞ்சாணத்தின் ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்கும் மரபணு அதனிடம் உண்டு. நெல்லைத் தாக்கும் பூஞ்சாணங்களில் பெரும்பாலானவற்றிடமோ அந்தப் புரதமே கிடையாது. விளைவு? எளிதில் நோய்க்கு இரையாகும் ரகத்துக்கு உதாரணமாக உலக ஆய்வு வயல்களில் கோ 39 நடப்படுகிறது. ஒற்றை மரபணுவை நம்பினால் இதுதான் கதி.

என் கவலை வேறு. சான்று விதையின் நீல அட்டையில் ரகம், குவியல் எண் எல்லாம் இருக்கும். குலைநோயைத் தாங்குமா, எந்த மரபணுவால் தாங்கும் என்பது மட்டும் இருக்காது. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே மரபணுவை விதைத்திருப்பதுகூட விவசாயிக்குத் தெரியாது.

மருந்து அடித்தால் போகிறது என்போரும் உண்டு. குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோலின் எச்ச வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்ததும் பாஸ்மதி ஏற்றுமதி தடுமாறியதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அட்டையில் ஒரு வரி சேர்க்கப் பெரிய செலவில்லை. அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும்போது கேளுங்கள்: இது குலைநோயைத் தாங்குமா, எதைக் கொண்டு? கேட்பவர் பெருகினால் அந்த வரியை அச்சடித்துத்தான் ஆக வேண்டும்.