ஸ்டெப்னி ஜெயிச்ச கப்

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். இது மெஸ்ஸி, ரொனால்டோ ஆடுற ஃபுட்பால் பத்தின கட்டுரை இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அந்த அமெரிக்கன் ஃபுட்பால். "அதெல்லாம் நமக்குப் புரியாதுப்பா"ன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. விதிகள் கொஞ்சம்தான் தெரியணும். ஆனா அந்த ரசிகர்கள் வருஷா வருஷம் போடுற ஒரு சண்டை இருக்கு பாருங்க, அதுல நம்ம ப்ராபபிலிட்டி பேப்பரே ஒளிஞ்சிருக்கு.

சண்டை இதுதான்: "இந்தக் குவார்ட்டர்பேக்கை வெச்சுக்கிட்டு நம்ம டீம் பிளேஆஃப்ல ஜெயிக்குமா?"

யார் இந்தக் குவார்ட்டர்பேக்?

ஒரு பக்கம் 11 பேர். பந்து கையில இருக்கிற டீமுக்கு நாலு வாய்ப்பு. அதுக்குள்ள 10 யார்டு முன்னேறணும். முன்னேறினா மறுபடி நாலு வாய்ப்பு. இப்படியே போய் எதிரணி எல்லையைத் தாண்டினா டச் டவுன், 6 புள்ளி. நாலு வாய்ப்பிலும் முடியலைன்னா பந்து எதிரணிக்கு.

ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதல்ல வருவது பெரும்பாலும் குவார்ட்டர்பேக் கைக்குத்தான். யாருக்கு எறியறது, யார்கிட்ட கொடுத்து ஓட விடறது, இல்ல தானே ஓடறதான்னு ரெண்டு மூணு செகண்டுக்குள்ள அவர் முடிவு பண்ணணும். அதனால ஜெயிச்சா அவர் ஹீரோ, தோத்தா அவர்தான் குற்றவாளி. நடுவுல அவரை இடிக்க வர்றவங்களைத் தடுக்கிற அஞ்சு பேர் பெயர் பல ரசிகர்களுக்கே தெரியாது.

பிலடெல்பியா, 2017

இந்தச் சண்டைக்கு நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம் பிலடெல்பியா ஈகிள்ஸ். 1960-க்கு அப்புறம் சாம்பியன் பட்டமே இல்லாத டீம். சூப்பர் பவுல் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லை.

2016-இல் கார்சன் வென்ட்ஸ்னு ஒரு இளைஞரை, அந்த வருஷ டிராஃப்ட்டில் ரெண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தாங்க. 2017-இல் அவர் ஆடின ஆட்டமே வேற. 13 மேட்ச், 33 டச் டவுன் பாஸ், எதிரணி கையில் போய் விழுந்தது வெறும் 7. அதுல 11 மேட்ச் வெற்றி. ஊரே "இந்த வருஷம் நம்ம வருஷம்"னு கொண்டாட்டத்துல இருந்துச்சு.

டிசம்பர் 10, லாஸ் ஏஞ்சலிஸ். எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது ரெண்டு பேர் வந்து மோத, வென்ட்ஸுக்கு முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சுபோச்சு. அப்படியும் வெளியே போகாம இன்னும் சில பிளே ஆடி, ஒரு டச் டவுன் பாஸும் எறிஞ்சுட்டுத்தான் போனார். மேட்சை ஈகிள்ஸ் 43–35-ல ஜெயிச்சது. ஆனா சீசன் போச்சுன்னுதான் பலரும் நினைச்சாங்க.

உள்ளே வந்தவர் நிக் ஃபோல்ஸ். நம்ம பாஷையில சொன்னா ஸ்டெப்னி. 2013-இல் இதே ஈகிள்ஸுக்காக ஒரே மேட்ச்ல 7 டச் டவுன் எறிஞ்சு சாதனையைச் சமன் செய்தவர். அப்புறம் வேற டீம், பெஞ்ச், 2016-இல் ஆட்டத்தையே விட்டுடலாமான்னு யோசிக்கிற நிலை. திரும்பி வந்து ரெண்டாவது ஆளா உட்கார்ந்திருந்தார்.

அவர் தொடக்கமும் நம்பிக்கை தரலை. முதல் மேட்ச் நல்லா போச்சு. ரெண்டாவதுல 38 பாஸ்ல பாதி வீண். கடைசி லீக் மேட்ச்ல, முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தது உண்மைதான், ஆனா கொஞ்ச நேரம் ஆடின ஃபோல்ஸ் எறிஞ்ச 11-ல 4 தான் சேர்ந்தது. ஈகிள்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்காம தோத்தது.

இப்போ கால்குலேட்டரை எடுங்க

அன்னைக்கு லீக்ல 32 டீம், 12 டீம் பிளேஆஃப் போகும். தோத்தா நேரா வீட்டுக்கு. முதல் ரெண்டு இடம் பிடிச்ச டீம்களுக்கு முதல் சுற்று கிடையாது, மூணு மேட்ச் ஜெயிச்சா கப். மத்தவங்களுக்கு நாலு.

கணக்குக்காக ஒரு எண் வெச்சுக்குவோம். வென்ட்ஸ் ஆடினா ஒவ்வொரு மேட்சையும் ஜெயிக்க 60% வாய்ப்பு. ஃபோல்ஸ் ஆடினா 50%.

வென்ட்ஸ்: 0.6 × 0.6 × 0.6 = 0.216. அதாவது சுமார் 22%.
ஃபோல்ஸ்: 0.5 × 0.5 × 0.5 = 0.125. அதாவது 12.5%.

ரெண்டு விஷயம் கவனிங்க. ஒன்னு, சூப்பர் ஸ்டார் இருந்தாலும் அஞ்சு தடவைக்கு நாலு தடவை கப் வராது. ரெண்டு, ஸ்டெப்னி வந்ததும் வாய்ப்பு பூஜ்யம் ஆகிடலை. எட்டுல ஒன்னு இருக்கு. ரசிகர்கள் மனசுல முதல் எண் 100 மாதிரியும் ரெண்டாவது 0 மாதிரியும் இருக்கும். சண்டையில பாதி அங்கேதான் பிறக்குது.

இன்னொன்னு. வென்ட்ஸ் ஜெயிச்சுக் கொடுத்த அந்த 11 வெற்றியாலதான் ஈகிள்ஸுக்கு முதல் இடம் கிடைச்சது. அது இல்லாம நாலு மேட்ச் ஆடணும்னா ஃபோல்ஸ் கணக்கு 6.25%. அதாவது வென்ட்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும், அவர் சேர்த்து வெச்சது டீமின் வாய்ப்பை இரட்டிப்பாக்கிக்கிட்டே இருந்துச்சு. சொந்த ஊர்ல ஆடுற வசதி தனி.

அப்புறம் நடந்தது

அட்லான்டாவோட முதல் பிளேஆஃப். முதலிடம் பிடிச்ச ஈகிள்ஸ்தான் தோக்கும்னு பந்தயக்காரங்க கணிச்சாங்க. 15–10-ல ஜெயிச்சது ஈகிள்ஸ். கடைசியில் எல்லைக்கோட்டுக்கு 2 யார்டு தூரத்துல எதிரணியைத் தடுத்து நிறுத்தினது தடுப்பாட்டக்காரங்க. ஃபோல்ஸ் அப்போ வெளியே நின்னு வேடிக்கைதான் பார்த்தார். ஆனா குவார்ட்டர்பேக் கணக்குல "ஒரு வெற்றி"ன்னு ஏறிடுச்சு!

அடுத்து மின்னசோட்டா. 33 பாஸ்ல 26 சேர்ந்தது, 352 யார்டு, 38–7. மூணு வாரம் முன்னாடி 11-க்கு 4 எறிஞ்ச அதே ஆள். எப்படி?

கோச் டக் பீட்டர்சன் ஒரு புத்திசாலித்தனம் பண்ணார். வென்ட்ஸ் ஓடி ஆடுற ஆள். ஃபோல்ஸ் அப்படி இல்லை. "வென்ட்ஸ் மாதிரி ஆடு"ன்னு அவரை இழுக்காம, ஆட்டத்தை அவருக்கேத்த மாதிரி மாத்தினார். ஒரு எதிரணி ஆளை மட்டும் கவனிச்சு, அவர் முன்னாடி வந்தா பாஸ், பின்வாங்கினா ஓட்டக்காரர் கையில கொடுன்னு சட்டுனு முடிவெடுக்கிற பிளேக்கள் நிறைய வந்துச்சு. பீட்டர்சனும் தன் காலத்துல பெரும்பாலும் ஸ்டெப்னியா இருந்தவர். அவரோட தாக்குதல் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கும் அப்படித்தான். 1993 பிளேஆஃப்ல மாற்று ஆளா இறங்கி, 3–35-ல இருந்து 41–38-க்கு ஜெயிச்சுக் காட்டியவர். பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவன் மனசு இவங்களுக்குத் தெரியாம இருக்குமா?

2018 பிப்ரவரி 4, சூப்பர் பவுல். எதிர்ல டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து. பாதி ஆட்டம் முடியப்போகுது. எல்லைக்கு ஒரு யார்டு, கடைசி வாய்ப்பு. உதைச்சா சுலபமா 3 புள்ளி. ஆனா ஈகிள்ஸ் ஒரு தந்திரப் பிளே ஆடினாங்க. பந்து ஒருத்தர் கைக்குப் போய், இன்னொருத்தர் கைக்கு மாறி, அவர் எறிய, அதைப் பிடிச்சு டச் டவுன் அடிச்சது யார் தெரியுமா? எறிய வேண்டிய ஃபோல்ஸ்! கடைசியில் 41–33. ஃபோல்ஸ் ஆட்ட நாயகன். பிரேடி அன்னைக்கு 505 யார்டு எறிஞ்சும் தோத்தார். முடிக்கிற நேரத்துல அவர் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டது பிராண்டன் கிரஹாம்ங்கிற தடுப்பாட்டக்காரர்.

சண்டை முடிஞ்சுதா?

எங்கே! அடுத்த சீசன்லயும் வென்ட்ஸுக்குக் காயம், மறுபடி ஃபோல்ஸ். பிளேஆஃப்ல சிகாகோவை 16–15-ல ஜெயிச்சாங்க. கடைசி நொடியில சிகாகோ உதைச்ச பந்து கம்பத்துல பட்டு, குறுக்குக் கம்பத்துலயும் பட்டு வெளியே விழுந்துச்சு. "பாத்தீங்களா, ஃபோல்ஸ் மேஜிக்!" அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸ்ல, ஆட்டம் முடியப்போற நேரத்துல ஃபோல்ஸ் எறிஞ்ச பந்து சக வீரர் கையில் பட்டு நழுவி எதிரணியிடம் போச்சு. 20–14, தோல்வி. ரெண்டு மேட்சையும் தீர்மானிச்ச அந்தக் கடைசி நொடி அவர் கையிலேயே இல்லை.

2019-இல் ஃபோல்ஸ் ஜாக்சன்வில்லுக்கு 4 வருஷம், 88 மில்லியன் டாலர் ஒப்பந்தத்துல போனார். முதல் மேட்ச்லயே காறை எலும்பு முறிவு. அந்தப் பழைய மந்திரம் கூடவே போகலை. வென்ட்ஸுக்கும் ஈகிள்ஸ் பெரிய ஒப்பந்தம் கொடுத்தது. 2020-இல் அவர் ஆட்டம் சரிய, பெஞ்சுக்குப் போனார், 2021-இல் டீமை விட்டே போனார். அவர் இடத்துக்கு வந்த ஜேலன் ஹர்ட்ஸ் மேலயும் அதே சண்டை. அவரும் 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 40–22-ல வீழ்த்திக் கப் வாங்கிக் கொடுத்தார்.

அப்போ குவார்ட்டர்பேக் முக்கியமில்லையா? முக்கியம்தான். அந்த 60-ஐயும் 50-ஐயும் தீர்மானிக்கிறதுல பெரிய பங்கு அவருக்குத்தான். ஆனா "இவனால முடியுமா?"ங்கிற கேள்வி அரைகுறை. "இவனுக்கு என்ன வரும், அதைச் சுத்தி மத்த பத்துப் பேரையும் எப்படி நிறுத்தலாம்?"னு பீட்டர்சன் கேட்டாரே, அது முழுக் கேள்வி. ப்ராஜெக்ட் டீம்ல ஒருத்தன் நடுவுல விலகிட்டா, மிச்சப் பேரும் கேட்க வேண்டியது அதுதான்.

பிலடெல்பியா ஸ்டேடியத்துக்கு வெளியே ஒரு சிலை இருக்கு. அந்தத் தந்திரப் பிளேக்கு முன்னாடி ஃபோல்ஸும் பீட்டர்சனும் நின்னு பேசிக்கிற காட்சி. ஒரு ஸ்டெப்னிக்கும் அவரை நம்பின கோச்சுக்கும் ஊர் வெச்ச மரியாதை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஃபிரேமுக்கு வெளியே இருக்கிற ஒருத்தர் ஞாபகம் வரும். கிழிஞ்ச முழங்காலோட ஒரு டச் டவுன் எறிஞ்சுட்டு நடந்து போனவர். அந்தக் கப்புல அவரோட 11 வெற்றியும் இருக்கு.