ஐந்திணைக்கும் ஒரே முற்றம்

தமிழக அரசுப் பள்ளிகளில் 2024-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘மகிழ் முற்றம்’ என்னும் ஏற்பாடு, வகுப்பு வேற்றுமையின்றி மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பகுத்து, அவற்றின் பொறுப்பில் மாணவத் தலைவர்களுக்கும் பங்கு அளிக்கிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பிரதேசத்தைச் சேர்ந்ததும், கடற்கரைக்கு அதிக தூரமில்லாததுமான அறந்தாங்கியில் மருதத்துக்கும் நெய்தலுக்கும் வியாக்கியானம் வேண்டியதில்லை. குறிஞ்சிக்குத் தலைவியாகும் சிறுமிதான், பாவம், மலையைப் படத்தில் பார்த்துத் திருப்தியடைய வேண்டும்!

ஆயினும் அவள் சிந்தையை ஆக்கிரமிப்பது மலையன்று. ஜூலை 15-இல் காமராஜர் பிறந்த தினமாகிய கல்வி வளர்ச்சி நாள், செப்டம்பர் 5-இல் ஆசிரியர் தினம், நவம்பர் 14-இல் குழந்தைகள் தினம், பள்ளியளவில் தொடங்கி வட்டாரமும் மாவட்டமும் கடந்து மாநிலம் வரை செல்லும் கலைத் திருவிழாப் போட்டிகள் என்று விசேஷங்கள் வரிசையாகக் காத்திருக்க, மேடையேற அஞ்சி மரத்தடியில் ஒதுங்கி நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையை எவ்விதம் அழைத்து வருவது, சென்ற முறை பரிசு பெற்றவர்களே இம்முறையும் முன்வந்து நின்றால் ஏனையோருக்கு எங்கே இடம் என்பனவே அவளுடைய கவலைகள்.

பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரத்தையே தலைமையென்று கருதிய பழைய சம்பிரதாயத்தைவிட இது எவ்வளவோ சிலாக்கியமானது. பெற்றோர்களே, மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட மட்டுமின்றி, அடுத்த விழாவுக்கும் அவசியம் பள்ளிக்குச் செல்லுங்கள்.