ஊதியப் பட்டியல் இடைமுகங்களும் செயற்கை நுண்ணறிவு முகவர்களும்: பாதுகாப்பான அழைப்புக்கான நெறிகள்

ஆய்வுச் சுருக்கம்

மனிதவள, ஊதியப் பட்டியல் மென்பொருள்களை இயக்கும் பணியில் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் ஈடுபடுத்தப்பட்டு வருகின்றன. இம்முகவர்கள் தவறான கட்டளைக்கு ஆட்பட்டாலும் ஊழியரின் ஊதியத்திற்கு இழப்பு நேராதவாறு இடைமுகத்தை எவ்வாறு அமைக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: ஊதியப் பட்டியல், நிரலாக்க இடைமுகம், முகவர், அணுகல் உரிமை, ஒப்புதல்.

முன்னுரை

ஒரு மென்பொருளின் தரவுகளையும் செயல்களையும் பிற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்த அமைக்கப்பட்ட வழி நிரலாக்க இடைமுகம் எனப்படும். விடுப்பு இருப்பை அறிதல், ஊதியச் சீட்டைப் பெறுதல், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுதல் முதலியன இவ்வழியே நிகழ்கின்றன. முன்கூட்டி எழுதப்பட்ட நிரலில் எந்த அழைப்பு எப்போது நிகழும் என்பது வரையறுக்கப்பட்டிருக்கும். மொழி மாதிரியைக் கொண்டு இயங்கும் முகவரோ, வேண்டுகோளைப் படித்து எதனை அழைப்பது எனத் தானே தீர்மானிக்கிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற நெறிமுறைகள் இவ்விணைப்பை எளிதாக்கியுள்ளன. இணைப்பு எளிதாகும்போது, எதற்கு அனுமதி உண்டு என்பதை வரையறுக்கும் பொறுப்பும் மிகுகின்றது.

தரவும் கட்டளையும் கலத்தல்

மொழி மாதிரிக்குப் பயனரின் கட்டளையும், அது படிக்கும் ஆவணமும் ஒரே உரைத்தொடராகவே சென்று சேர்கின்றன. எனவே ஆவணத்தில் மறைந்துள்ள ஒரு வாசகத்தையும் அது கட்டளையாகக் கொள்ளக்கூடும். இத்தாக்குதலுக்குச் சைமன் வில்லிசன் 2022இல் இட்ட ‘பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்’ என்னும் பெயர் இன்று நிலைபெற்றுள்ளது.

ஊழியரின் கணக்கைக் கைப்பற்றி, ஊதியம் செல்லும் வங்கிக் கணக்கை மாற்றும் மோசடி குறித்து அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2018இல் எச்சரித்தது. மனிதவளப் பிரிவுக்கு வரும் மின்னஞ்சல்களைப் படித்துச் செயல்படும் முகவரிடம் கணக்கு எண்ணை மாற்றும் உரிமையும் இருக்குமாயின், மோசடியாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே போதும். ‘ஐயத்திற்குரியவற்றைச் செய்யாதே’ என்று முகவருக்கு அறிவுறுத்துவது இதற்குப் போதிய காப்பாகாது.

குறைந்த அளவு உரிமை

ஒவ்வொரு நிரலும் தன் பணிக்குத் தேவையான குறைந்த அளவு உரிமையுடன் இயங்க வேண்டும் என்னும் கொள்கையைச் சால்ட்சர், ஷ்ரோடர் ஆகியோர் 1975இல் எடுத்துரைத்தனர். இதன்படி, விடுப்பு இருப்பைக் கூறும் முகவருக்கு அதனைப் படிக்கும் உரிமை மட்டும் போதுமானது.

அவ்வுரிமை யாருடையது என்பதும் முதன்மையானது. ஓர் ஊழியர் தம் மேலாளரின் ஊதியத்தைக் கேட்பதாகக் கொள்வோம். முகவர் நிர்வாகியின் அணுகல் டோக்கனைக் கொண்டிருந்தால், தகவலைத் தடுப்பது மாதிரியின் மறுப்பு ஒன்றே. கேட்பவருக்குரிய டோக்கனைக் கொண்டு அழைத்தால், மென்பொருளே மறுத்துவிடும். அதிகாரமுள்ள நிரலை அதிகாரமற்றவர் தம் கருவியாக்கிக்கொள்ளும் இச்சிக்கலை நார்ம் ஹார்டி 1988இல் ‘குழம்பிய பிரதிநிதி’ என்னும் பொருளில் விளக்கினார்.

முன்மொழிவும் ஒப்புதலும்

அரசு அலுவலகங்களில் பணம் பெற்று வழங்கும் அலுவலர் ஊதியப் பட்டியலை அளிக்க, கருவூலம் அதனைச் சரிபார்த்து ஏற்கிறது. ஒருவரே பட்டியலிட்டு அவரே பணம் விடுவிப்பதை இம்முறை தடுக்கிறது. முகவருக்கும் இதுவே பொருந்தும். கணக்கு மாற்றம், ஊதிய உயர்வு, பட்டுவாடா ஆகியவற்றை முகவர் முன்மொழியலாம். நிறைவேற்றும் உரிமை மனிதரின் ஒப்புதலுக்குப் பின்னரே பிறத்தல் வேண்டும். ஒப்புதல் திரையில் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் மென்பொருளிலிருந்து நேரடியாகக் காட்டப்பட வேண்டும். முகவர் எழுதிய சுருக்கத்தை மட்டும் நம்புதல் தகாது. கணக்கு மாற்றத்தை, முன்பே பதிவிலுள்ள தொலைபேசி எண்ணில் ஊழியரை அழைத்து உறுதிசெய்தல் நலம்.

மீளழைப்பும் கணக்கீடும்

200 ஊழியர்களுக்குத் தலா ₹5,000 ஊக்கத்தொகை வழங்குமாறு முகவர் அழைப்பு விடுக்கிறது. பணம் சென்றும் மறுமொழி வரத் தாமதமாகிறது. அழைப்பு தோற்றதெனக் கருதி முகவர் மீண்டும் அழைத்தால், ₹10 இலட்சம் ₹20 இலட்சமாகும். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் தனி அடையாளக் குறியீடு இருப்பின், இரண்டாம் அழைப்பு முதலாவதன் மறுபடி என உணர்ந்து மென்பொருள் பணத்தை மீண்டும் அனுப்பாது.

கணக்கீட்டையும் மாதிரியிடம் விடலாகாது. வருங்கால வைப்புநிதிக்கு ₹15,000 மீது 12 விழுக்காடு பிடித்தம் ₹1,800 என்பதை ஊதிய மென்பொருளின் விதியே கணித்தல் வேண்டும். முகவர் அவ்விடையை எடுத்துரைத்தால் போதும்.

பதிவும் படிப்படியான அறிமுகமும்

கேட்டவர், அழைக்கப்பட்ட செயல், ஒப்புதல் அளித்தவர், விளைவு ஆகியவை முகவரால் அழிக்க இயலாத பதிவேட்டில் இடம்பெற வேண்டும். கனடா அரசு 2016இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் ஊதிய முறைமை போதிய சோதனையின்றி நடைமுறைக்கு வந்ததால், ஊழியர் பலருக்கு ஊதியம் குறைந்தும் கூடியும் சென்றது. அம்முறைமையில் செயற்கை நுண்ணறிவு முகவர் இல்லை. ஆயினும், படிக்கும் உரிமையில் தொடங்கி, சிறு குழுவில் சோதித்து, பின்னரே விரிவாக்க வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

முகவர் ஏமாற்றப்படக்கூடும் என்பதை முன்கூட்டியே ஏற்று இடைமுகத்தை அமைப்பதே பாதுகாப்பின் அடிப்படையாகும். கேட்பவரின் உரிமைக்கு உட்பட்ட அழைப்பு, மனிதரின் ஒப்புதல், மீளழைப்புக் காப்பு, அழியாப் பதிவு ஆகிய நான்கும் மென்பொருளின் பக்கத்தில் அமையும்போது, முகவரின் பிழை ஒரு நிராகரிக்கப்பட்ட அழைப்பாகவோ ஒப்புதல் பெறாத முன்மொழிவாகவோ முடிந்துபோகும். ஊழியரின் மாத ஊதியத்தைத் தொடாது.