வெட்டிவேருக்கு எட்டாயிரமா?

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் பெட்டியைத் திறந்தால் பொழியூரில் தெருவே மணக்கும். அதைப் பார்த்து, "தங்கை கல்யாணத்துக்கு நானும் ஓர் உயர்ந்த சென்ட் வாங்கினால் என்ன?" என்று ஆசைப்படும் குமாஸ்தாத் தம்பிகள் நம்மிடையே உண்டு. வாங்கலாம். ஆனால் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும்.

1828-ல் பாரிசில் தொடங்கிய கெர்லான் கம்பெனியின் 'வெட்டிவர்', ஆண்களுக்கான சென்ட்களில் பேர் பெற்றது. அந்தப் பெயரே நம் வெட்டிவேர்தான்! இங்குள்ள மலையாளிகள் ராமச்சம் என்கிறார்களே, அதுதான்.

இதுபோன்ற 100 மில்லி புட்டி ஒன்று 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அழுத்துக்குச் சுமார் 0.1 மில்லி செலவாகும். ஆக, 1,000 அழுத்து. ஒவ்வொன்றும் 8 ரூபாய். தினம் நான்கு என்றால் 32 ரூபாய். எட்டு மாதத்தில் புட்டி காலி.

கடையில் அட்டையை முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். முதலில் எழும் எலுமிச்சை வாசம் அரை மணியில் போய்விடும். மணிக்கட்டில் தடவிக்கொண்டு, வெயிலில் நடந்து, வியர்த்து, மாலையில் அடுத்தவரிடம் கேளுங்கள். நம் மூக்கு அதற்குள் பழகிவிடும், அதை நம்பக்கூடாது.

மாலைவரை வேரின் மணம் நின்றால் சரக்கு உயர்ந்ததுதான். விசேஷ நாளுக்கு மட்டும் எடுத்தால் சில வருஷம் வரும். கையில் பணமிருந்தால் கொடுத்த விலை வீணில்லை. கடன் வாங்கியா? வேண்டாம், தம்பி. கல்யாணச் செலவு தலைக்கு மேல் நிற்கும் வீட்டில், வேட்டி மடிப்புக்குள் ஒரு பிடி வெட்டிவேர் போதும்.