கணக்கு மென்பொருளுக்கும் வாடகை வந்துவிட்டது

செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் முதன்முதலில் கணக்குக்குக் கம்ப்யூட்டர் வைத்தபோது, மென்பொருளைத் தட்டில் பதிந்து ஒரே தொகைக்கு விற்றார்கள். விற்றவரை அதன்பின் பார்க்கவில்லை. ஒரு மார்ச் மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பில் கட்டுகளைப் பிரித்து, வருடப் பற்றுவரவு முழுவதையும் திரும்ப எழுதினோம்.

இப்போது வருகிறவர்கள் விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறார்கள். இதற்குத்தான் 'கிளவுட்' என்று பெயர். மேகம் என்று பெயரே தவிர, வானத்தில் ஒன்றுமில்லை. நமது பேரேடு அவர்களுடைய கம்ப்யூட்டர் கிடங்கில் இருக்கும். நாம் இண்டர்நெட் மூலம் திறந்து எழுதுகிறோம். சொந்த லாரி வாங்காமல் நாமக்கல் லாரிக்கு வாடகை பேசி லோடு அனுப்புகிறோமே, அந்தக் கணக்குத்தான்.

அமெரிக்காவில் சேல்ஸ்போர்ஸ் கம்பெனி 1999-ல் இவ்வழியில் இறங்கியது. நம் ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட், 2005-ல் ஜோஹோ என்ற பெயரில் இதை ஆரம்பித்து, 2009-ல் கம்பெனிப் பெயரையே ஜோஹோ என மாற்றிக்கொண்டது. சென்னையில் 2010-ல் பிறந்த பிரஷ்ஒர்க்ஸ், 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் ஏறியது.

இவர்களின் சூட்சுமம் என்ன? ஒருமுறை எழுதிய மென்பொருளை ஆயிரம் கடைக்கும் ஒரே கிடங்கிலிருந்து கொடுக்கலாம். கூடுதலாக ஒரு கடை சேர்ந்தால் பெரிய செலவில்லை. அதனால்தான் பில் போடும் மென்பொருளை 2021-ல் ஜோஹோ இலவசமாகவே விட்டது. பில்லுக்கு வந்தவர் நாளைக்குப் பேரேட்டுக்கும் வருவார். நாமும் மாதிரிச் சரக்கு கொடுப்பது தர்மத்துக்கா?

நமக்கும் இதில் லாபமுண்டு. விற்றுவிட்டால் கை கழுவலாம். அடுத்த மாத வாடகை வர வேண்டுமானால் கழுவ முடியாது. ஜி.எஸ்.டி. விகிதம் மாறினால் அவர்களே மாற்றித் தந்தாக வேண்டும். நம் பாஷையில் இது வாடிக்கை பிடிப்பது.

ஆனால் வாடகை கட்டாவிட்டால் கதவு பூட்டப்படும், உள்ளே இருப்பது நம் கணக்கு. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதம் அதை வைத்திருக்க வேண்டும். ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: விலகினால் கணக்கை முழுதாக எடுத்துப்போக விடுவீர்களா, எந்த வடிவில், எத்தனை நாளுக்குள்? வாடகை ஆளுக்கா, கடைக்கா என்பதையும் கேளுங்கள். இரண்டு குமாஸ்தா கூடினால் தொகை ஏறிவிடும்.

நாங்கள் மாதம் பிறந்ததும் ஒரு நகல் எடுத்து, பென் டிரைவை இரும்புப் பெட்டியில் வைக்கிறோம். பேரன் சிரிக்கிறான். மார்ச் மாதத்தில் பில் கட்டுப் பிரித்தவன் அவனல்லவே.