'சராசரி மனிதன்' என்னும் அளவுகோல்: அன்றாடப் பொருள் வடிவமைப்பில் பெண்ணுடல்

ஆய்வுச் சுருக்கம்

அன்றாடம் புழங்கும் பொருள்களும் இடங்களும் பாலின வேறுபாடு அறியாதவை என்பது பொதுவான நம்பிக்கை. அவற்றின் அளவுகளை ஆராய்ந்தால், பெரும்பாலும் ஆணுடல் ஒன்றே அடிப்படை அலகாக நின்றிருப்பதைக் காணலாம். கட்டடக்கலை அளவுமுறை, மோட்டார் வாகன மோதல் சோதனை, அலுவலக வெப்பநிலை, இருசக்கர வாகனம், உழவுக் கருவி ஆகிய ஐந்து களங்களைக் கொண்டு இவ்வடிப்படை உருவான முறையையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. பெண்ணுடல் விடுபட்டது ஒரு சிக்கல்; பின்னர்ச் சேர்க்கப்பட்டபோதும் அது ஆணுடலின் சிறு வடிவமாகவோ பின்னிருக்கைப் பயணியாகவோ மட்டுமே சேர்க்கப்பட்டது மற்றொரு சிக்கல் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: உடலளவியல், பணிச்சூழலியல், பெண்ணுடல், வடிவமைப்பு, மோதல் சோதனை, உழவுக் கருவி

முன்னுரை

தமிழர் வழக்கில் சாண், முழம், மார் ஆகியன உடலிலிருந்தே பிறந்த அளவுகள். பூ விற்கும் பெண் தன் முழங்கையால் அளந்து தருவதை இன்றும் சந்தைகளில் காணலாம். அம்முழம் யாருடைய கையால் அளக்கப்பட்டது என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். கை சிறிதாயிருந்தால் வாங்குபவர் முணுமுணுப்பார். விற்பவர் சற்று இழுத்து அளப்பார். அளவின் பின்னால் உள்ள உடல் இருவர் கண்முன்னும் நிற்கிறது.

தொழிற்சாலை உற்பத்தியும் தரநிலைகளும் பெருகிய பின் இந்நிலை மாறியது. அளவுகள் மீட்டரிலும் கிலோகிராமிலும் அட்டவணைகளாயின. அட்டவணையில் எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தந்த உடல் இல்லை. அவ்வாறு மறைந்த உடல் யாருடையது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

1. அளவுகோலின் தோற்றம்

பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே 1948இல் 'மாடுலர்' என்னும் அளவுமுறையை நூலாக வெளியிட்டார். மனித உடலின் விகிதங்களைக் கொண்டு கட்டடங்களின் அளவுகளை வகுப்பது அதன் நோக்கம். அம்முறையின் அடிப்படை உடல் முதலில் 1.75 மீட்டர் உயரமுடையதாக இருந்தது, பின்னர் 1.83 மீட்டராக, அதாவது ஆறடியாக, உயர்த்தப்பட்டது. ஆங்கிலத் துப்பறியும் புதினங்களில் வரும் கம்பீரமான ஆண்கள் ஆறடி உயரத்தினர் என்பது இம்மாற்றத்துக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. கையை உயர்த்தி நிற்கும் அவ்வாணின் எட்டும் உயரம் 2.26 மீட்டர். இவ்வளவுமுறை மார்செய் நகரின் குடியிருப்பிலும், இந்தியாவில் சண்டிகர் நகரத்துக் கட்டடங்களிலும் பயன்படுத்தப்பட்டது.

இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 சென்டிமீட்டர். அதே விகிதத்தில் கணக்கிட்டால் கையை உயர்த்தி நிற்கும் பெண்ணின் எட்டும் உயரம் சுமார் 188 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடையே உள்ள 38 சென்டிமீட்டர் ஒரு முழத்துக்குச் சற்றே குறைவு. மேலடுக்கு அலமாரி, ஜன்னல் தாழ்ப்பாள், பேருந்தின் மேற்கம்பி போன்றவற்றின் உயரத்தை முடிவு செய்யும்போது எந்த உடலை மனத்தில் கொள்வது என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை இக்கணக்கு காட்டும்.

அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரெய்ஃபஸ் 1955இல் எழுதிய நூலில் 'ஜோ', 'ஜோசஃபின்' என ஆண், பெண் ஆகிய இரு மாதிரி உடல்களை முன்வைத்தார். ஆயினும் 1960இல் அவர் வெளியிட்ட அளவுத் தொகுப்பின் பெயர் 'மனிதனின் அளவு' என ஆண்பாலைச் சுட்டுவதாகவே அமைந்தது. அத்தொகுப்பின் வழிவந்த பதிப்பு 'ஆணின், பெண்ணின் அளவு' என்னும் பெயரை ஏற்க 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் உடலளவுத் தரவுகள் பெரிதும் படைவீரர்களிடமிருந்து திரட்டப்பட்டமையும் இங்குக் கருதத்தக்கது. சீருடை, தலைக்கவசம், விமானி அறை ஆகியவற்றுக்காக அளக்கப்பட்ட இளம் ஆண்களின் உடலே காலப்போக்கில் நாற்காலிக்கும் மேசைக்கும் அடிப்படையாயிற்று.

'சராசரி' என்பது ஆண்களுக்கேனும் பொருந்தியதா என்பதும் ஆராயத்தக்கது. அமெரிக்க விமானப்படையைச் சார்ந்த கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் உடலளவுகளைப் பத்துக் கூறுகளில் ஒப்பிட்டு 1952இல் அறிக்கை அளித்தார். பத்துக் கூறுகளிலும் சராசரி எல்லைக்குள் அமைந்த விமானி ஒருவர்கூட இல்லை. சராசரி ஆண் என்பவனே ஒரு கற்பனை. அக்கற்பனைக்கு ஏற்பப் பெண்ணும் தன்னைப் பொருத்திக்கொள்ள நேர்ந்தது.

2. மோதல் சோதனைப் பொம்மை

கார்களின் பாதுகாப்பை அளக்க மனித உருப் பொம்மைகளை இருக்கையில் அமர்த்தி மோதல் சோதனை நடத்துவர். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் 'ஹைப்ரிட் 3' பொம்மை 1970களில் அமெரிக்காவில் உருவானது. அதன் உயரம் ஏறக்குறைய 175 சென்டிமீட்டர்; எடை ஏறக்குறைய 78 கிலோகிராம். இது 50ஆம் நூற்றுமான ஆணைக் குறிப்பது. அதாவது, ஆண்களை அளவு வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரை ஒத்தது.

பெண்ணைக் குறிக்கும் பொம்மையும் பின்னர் வந்தது. அதன் உயரம் ஏறக்குறைய 150 சென்டிமீட்டர். எடை 49 கிலோகிராம். இது 5ஆம் நூற்றுமானப் பெண். நூறு பெண்களில் மிகச் சிறிய ஐவருக்கு நிகரானது. இதன் வடிவம் பெரிதும் ஆண் பொம்மையைச் சுருக்கிப் பெறப்பட்டது. இடுப்பெலும்பின் அமைப்பு, கழுத்துத் தசையின் வலிமை, உடல் எடை பரவியிருக்கும் முறை ஆகியவற்றில் பெண்ணுடல் ஆணுடலின் சிறு படி அன்று. கால் நீளம் குறைந்தவர் மிதியை எட்ட இருக்கையை முன்னே நகர்த்தி அமர்வார். அதனால் திசைமாற்றிக்கும் மார்புக்கும் இடையே உள்ள தொலைவு குறையும். அமெரிக்காவின் நுகர்வோர் தரமதிப்பீட்டு முன்மோதல் சோதனையில் 2011 மாதிரி ஆண்டு முதல் இப்பெண் பொம்மை சேர்க்கப்பட்டது. எனினும் அது அமர்த்தப்பட்டது ஓட்டுநர் இருக்கையில் அன்று, அருகிலிருந்த பயணியர் இருக்கையில்.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. 1998 முதல் 2008 வரையிலான அமெரிக்க விபத்துத் தரவுகளைக் கொண்டு 2011இல் வெளியான ஆய்வொன்று, இருக்கைப் பட்டை அணிந்த பெண் ஓட்டுநர் கடுங்காயம் அடையும் வாய்ப்பு, அதே நிலையிலுள்ள ஆண் ஓட்டுநரைவிட 47 விழுக்காடு மிகுதி எனக் காட்டியது. இருக்கைப் பட்டை இருவருக்கும் பொது. அது காக்கும் அளவு பொதுவாக இல்லை.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு 2022இல் சராசரிப் பெண்ணை ஒத்த பொம்மையை அறிமுகப்படுத்தியது. அதன் உயரம் 162 சென்டிமீட்டர். எடை 62 கிலோகிராம். பின்புற மோதலில் கழுத்து அடையும் அதிர்வை அளக்க அது உருவாக்கப்பட்டது. எனினும் பொம்மை உருவாவது வேறு. சட்ட விதி அதைக் கட்டாயமாக்குவது வேறு. எந்தப் பொம்மையைக் கொண்டு சோதிக்க வேண்டுமென விதி கூறுகிறதோ, அவ்வுடலைக் காக்கவே உற்பத்தியாளர் முதலில் முயல்வார்.

3. அறையின் வெப்பம்

அளவுகோல் நீளத்திலும் எடையிலும் மட்டும் அடங்குவதன்று. அலுவலகக் குளிரூட்டலுக்கான தரநிலைகள், டென்மார்க் அறிஞர் ஃபாங்கர் 1960களில் தொடங்கி உருவாக்கிய வெப்ப ஆறுதல் கணக்கீட்டைச் சார்ந்தவை. அதில் உடல் வெளியிடும் வெப்பத்துக்கான மதிப்பு 40 வயதும் 70 கிலோகிராம் எடையும் உடைய ஆணைக் கொண்டு வகுக்கப்பட்டது. இம்மதிப்பு பெண்கள் ஓய்வுநிலையில் வெளியிடும் வெப்பத்தை 35 விழுக்காடு வரை மிகைப்படுத்தக்கூடும் என 2015இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் கிங்மாவும் அவர்தம் உடனாய்வாளரும் காட்டினர். குளிரூட்டிய அறையில் பெண் ஊழியர் சால்வை போர்த்தி அமர்வது அவர்தம் மெலிவின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. உண்மையில் அது கணக்கீட்டில் நேர்ந்த பிழையின் அடையாளமாகவும் இருக்கலாம்.

4. பின்னிருக்கையில் அமர்த்தப்பட்ட பெண்

இந்தியச் சூழலில் இவ்வினா இருசக்கர வாகனத்தோடு நெருங்கிய தொடர்புடையது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 123ஆம் விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவருக்கெனக் கைப்பிடி, கால்தாங்கி ஆகியவற்றையும், ஆடை சக்கரத்தில் சிக்காதவாறு பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பையும் கட்டாயமாக்குகிறது. மக்கள் வழக்கில் இக்காப்பு 'சாரி கார்டு' எனப்படுகிறது. விதி பாலினத்தைக் குறிப்பிடவில்லை, பெயர் குறிப்பிடுகிறது. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நேரும் விபத்துகளைத் தடுக்கும் பயனுள்ள ஏற்பாடு இது. ஆயினும் இதில் தெரியும் பெண் ஓட்டுபவர் அல்லர். ஓட்டப்படும் வண்டியில் ஒருபக்கமாக அமர்ந்து செல்பவர்.

1990களில் பரவிய கியர் இல்லாத இலகு ஸ்கூட்டர்கள் இந்நிலையை மாற்றின. காலைத் தூக்கிப் போடாமல் ஏறும் வகையில் நடுவே திறந்த அமைப்பு, குறைந்த எடை ஆகியன சேலையோடும் சுடிதாரோடும் ஓட்ட வழிசெய்தன. தமிழகத்தில் 'ஸ்கூட்டி' என்னும் வணிகப் பெயர் இவ்வகை வண்டிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகும் அளவுக்கு அவை வரவேற்கப்பட்டன. பெண்ணுடலையும் ஆடையையும் கருதி வடிவமைத்த பொருள் ஆணுக்கும் முதியோருக்கும் பயன்பட்டமை இங்குக் குறிக்கத்தக்கது. எனினும் இவற்றுட் பலவற்றின் இருக்கை உயரம் 76 சென்டிமீட்டர் அளவிலேயே உள்ளது. 152 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் இரு பாதங்களையும் தரையில் முழுதாக ஊன்ற இது இடந்தருவதில்லை. ஆடை கருத்தில் கொள்ளப்பட்ட அளவுக்கு உயரம் கருத்தில் கொள்ளப்படவில்லை.

5. கருவியும் கூலியும்

நெல் வயலில் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் பணிகள். செம்மை நெல் சாகுபடி முறையில் வரிசைகளுக்கிடையே தள்ளும் கோனோவீடர் என்னும் களைக்கருவி புகுத்தப்பட்டது. குனிந்து கையால் களை பறிக்கும் துன்பத்தை அது குறைத்தது. ஆனால் சேற்றில் அதை முன்னும் பின்னும் தள்ளத் தோள் வலிமையும் கைப்பிடியின் பொருத்தமான உயரமும் தேவை. உடல் வலிமையில் பெண்களின் சராசரி ஆண்களின் சராசரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எனப் பணிச்சூழலியலில் கொள்ளப்படுகிறது. இதனால் கருவி வந்த இடங்கள் பலவற்றில் களையெடுப்பு ஆண்களின் பணியாக மாறியது.

இங்கு இழப்பு வசதியளவில் நிற்பதில்லை. கூலி நாள்களே கை மாறுகின்றன. 'பெண்களால் இதைத் தள்ள முடியாது' என்னும் கூற்று, 'பெண்கள் தள்ளத்தக்கவாறு இது செய்யப்படவில்லை' என்னும் உண்மையை மறைத்துவிடுகிறது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இந்திய வேளாண் தொழிலாளர்களின் உடலளவு, வலிமை ஆகியவற்றை ஆண், பெண் இருபாலாரிடமும் அளந்து 2009இல் தொகுத்தது. புவனேசுவரத்தில் உள்ள மத்திய வேளாண் மகளிர் நிறுவனமும் பெண்களுக்கேற்ற கருவிகளில் கவனம் செலுத்துகிறது. தேவையான தரவு இன்று உண்டு. அது கொல்லன் பட்டறைக்கும் கருவி வாங்கும் மானியத் திட்டத்துக்கும் சென்று சேர்வதே எஞ்சிய பணி.

6. மறுப்புகளும் விளக்கமும்

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, உடல் வேறுபாடு பாலினத்தால் மட்டும் அமைவதன்று; குட்டையான ஆணும் உயரமான பெண்ணும் உண்டு என்பது. இது உண்மை. ஆயின் இது ஒற்றை அளவுக்கு எதிரான வாதமேயன்றி அதற்கு ஆதரவான வாதமன்று. ஆணுடலை அலகாகக் கொள்ளும் வடிவமைப்பால் குட்டையான ஆணும் துன்புறுகிறார்.

இரண்டாவது, காய வேறுபாட்டுக்கு உடலமைப்பு மட்டுமே காரணமன்று என்பது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு ஆய்வு, பெண்கள் சிறிய, எடை குறைந்த கார்களை மிகுதியாக ஓட்டுவதும் மோதலின் தன்மையும் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குவதாகக் கூறியது. அவற்றை நீக்கிப் பார்த்த பின்னும், கால் காயம் போன்றவற்றில் பெண்களின் இடர் மிகுதியாகவே இருந்தது. எனவே வண்டியின் எடை, சோதனைப் பொம்மை ஆகிய இரண்டும் திருத்தத்துக்குரியன.

தீர்வு பெண்களுக்கெனத் தனிப் பொருள் செய்வதில் மட்டும் இல்லை. 5ஆம் நூற்றுமானப் பெண் முதல் 95ஆம் நூற்றுமான ஆண் வரையிலான வீச்சைக் கொண்டு, சரிசெய்யத்தக்க இருக்கை, கைப்பிடி, மேசை ஆகியவற்றை அமைப்பது பணிச்சூழலியலில் அறியப்பட்ட முறையே. இந்தியருக்கான உடலளவுத் தொகுப்பைத் தேப்குமார் சக்கரவர்த்தி 1997இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின்வழி வெளியிட்டார். அறிவு இல்லாமையைக் காரணமாகக் கூற இனி இடமில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஐந்து களங்களிலும் பெண்ணை விலக்கும் நோக்கம் எவருக்கும் இருந்ததாகக் கூற இயலாது. கிடைத்த உடல்கள் அளக்கப்பட்டன, அளக்கப்பட்டவை அட்டவணையாயின, அட்டவணை விதியாயிற்று, விதி பொருளாயிற்று. பொருள் பொருந்தாதபோது குறை பயன்படுத்துபவரின் உடலில் தேடப்பட்டது. ஆகவே திருத்தம் தொடங்க வேண்டிய இடம் கடையில் விற்கும் பொருளன்று. அதற்கு முந்தைய சோதனை விதியும் கொள்முதல் விதியும் ஆகும். அரசு வாங்கும் பேருந்து, மானியத்தில் வழங்கும் கருவி, அலுவலகத்துக்கு எடுக்கும் நாற்காலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் 'எந்த உடலைக் கொண்டு அளந்தீர்' என்னும் வினா எழுப்பப்பட வேண்டும். பூக்காரியின் முழத்தில் வெளிப்படையாக உள்ள விடை, தரநிலை அட்டவணையிலும் வெளிப்பட வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிவாகும்.