பில் வந்தது, சாலை வந்ததா?

2008-ன் இறுதியில் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தபோது இந்தியாவிலும் ஆலைகளுக்கு ஆர்டர் குறைந்தது. மத்திய அரசு 2008 டிசம்பர் 7, 2009 ஜனவரி 2, பிப்ரவரி 24 என மூன்று தவணைகளாகப் பொருளாதார ஊக்கத் திட்டங்களை அறிவித்தது. முதல் தவணையிலேயே 20,000 கோடி ரூபாய் வரை கூடுதல் திட்டச் செலவு. இரண்டாவதில் நகரங்களுக்கு ஒரு சலுகை கிடைத்தது: ஜவாஹர்லால் நேரு நகர்ப்புற புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ் பேருந்து வாங்க உதவி, ஆனால் 2009 ஜூன் 30 வரைதான். விற்காமல் வண்டிகள் தேங்கிய ஆலைகளுக்கு வேலை, நெரிசலில் தவித்த நகரங்களுக்குப் பேருந்து. யோசனையில் குறையில்லை. பெங்களூரின் மாநகரப் பேருந்துக் கழகமான பி.எம்.டி.சி.யும் இந்தத் திட்டத்தில் பேருந்துகள் வாங்கியது.

சிக்கல் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. பேருந்து வாங்கக் கெடு வைக்கலாம். அதை ஓட்ட ஆள் எடுக்கவும், நிறுத்த டிப்போ கட்டவும், பத்து ஆண்டுகள் பழுது பார்க்கவும் யார் கெடு வைப்பது? கெடுவோடு வரும் பணம் எது தேவை என்று பார்க்காது. கையில் எந்தக் கோப்பு தயாராக இருக்கிறதோ அதன்மேல் போய் உட்காரும்.

அதே நகர்ப்புறத் திட்டப் பணத்தில் எழுந்தவைதான் பெங்களூரின் 10 டி.டி.எம்.சி. (போக்குவரத்து மேலாண்மை மைய) வளாகங்கள். கீழே பேருந்து நிலையம், வாகன நிறுத்தம், மேலே கடைகளும் அலுவலகங்களும். மேல்மாடி வாடகை வந்தால் கீழே ஓடும் பேருந்தின் நஷ்டம் குறையும் என்பது கணக்கு. நடந்தது வேறு. பல வளாகங்களில் வணிகத் தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன, பி.எம்.டி.சி. திரும்பத் திரும்ப டெண்டர் விட்டது. சாந்திநகர் வளாகத்துக்குப் போக்குவரத்து ஆணையர் அலுவலகமே குடிவந்தது. ஓர் அரசுத் துறை கட்டியதற்கு இன்னோர் அரசுத் துறை வாடகைதாரர்! ‘டெல்லிப் பணம்தானே’ என்று விட்டுவிடவும் முடியாது. பெங்களூர் போன்ற பெருநகரங்களுக்கு அந்தத் திட்டத்தில் மத்திய அரசு தந்தது 35 சதவீதம், மாநிலம் 15. மீதிப் பாதி உள்ளூர் அமைப்பின் தலையில், அதாவது டிக்கெட் எடுப்பவர், வீட்டு வரி கட்டுபவர் தலையில்.

வீண்செலவு வேறு, திருட்டு வேறு. ஆனால் இரண்டும் ஒரே வாசலில்தான் நுழைகின்றன. 2011-ல் மல்லேஸ்வரம், ராஜராஜேஸ்வரி நகர், காந்திநகர் ஆகிய மூன்று பகுதிகளில் பெங்களூர் மாநகராட்சியில், செய்யாத வேலைக்குப் பணம் எடுத்ததாகச் சொல்லப்பட்ட போலி பில் விவகாரம் வெடித்தது. அடிபட்ட தொகை 1,539 கோடி ரூபாய். வழக்கு சி.ஐ.டி.க்குப் போனது; பின்னர் நீதிபதி நாகமோகன் தாஸ் தலைமையிலும் விசாரணை நடந்தது.

கர்நாடகத்தில் அரசுக் கொள்முதலுக்கு 1999-ம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. டெண்டர் கட்டாயம். ஆனால் அதன் 4-வது பிரிவில் விலக்குகள் உண்டு. பேரிடர், அவசரநிலை என்றால் 4(ஏ). அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டால் 4(ஜி). ஒரு வேலை டெண்டர் இல்லாமல் போயிருந்தால், எந்தப் பிரிவின் கீழ், என்ன காரணம் எழுதி விலக்கு வாங்கினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கேட்கும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பலர் அதை வெறும் நகல் வாங்கும் சட்டம் என்றே நினைக்கிறார்கள். பிரிவு 2(ஜே)-யைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும்: நடக்கும் வேலையை நேரில் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் கேட்கலாம். உங்கள் தெருவில் போட்ட தாரும் ஜல்லியும் இதில் அடக்கம். டெல்லி சுந்தர் நகரியில் 2002 டிசம்பரில் ‘பரிவர்த்தன்’ அமைப்பு, டெல்லியின் பழைய தகவல் சட்டத்தில் வாங்கிய ஒப்பந்த நகல்களைப் பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டியது. 68 வேலைகள், மதிப்பு 1.3 கோடி. அதில் ஏறக்குறைய 70 லட்சத்துக்கான பொருள் எங்கும் இல்லை என்று அந்தத் தெருக்காரர்களே சொன்னார்கள்.

கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொற்களுக்குள். மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது தகவல் அதிகாரியின் கடமை. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள தமிழர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல் அதிகாரியிடம் முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதித்த அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம்.

சாலை வேலை என்றால் ஒப்பந்தத்தின் உத்தரவாதக் காலத்தை மறக்காமல் கேளுங்கள். அந்தக் காலத்தில் குழி விழுந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் அடைக்க வேண்டும். அதே சாலைக்கு அந்தக் காலத்துக்குள்ளேயே புது டெண்டர் வந்திருந்தால் விஷயம், ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பான லோகாயுக்தாவுக்கு உரியது. அங்கே புகார் படிவத்தோடு பிரமாணப் பத்திரமும் வேண்டும். 2016-ல் ஊழல் தடுப்புப் பிரிவு அமைத்து லோகாயுக்தா போலீஸின் அதிகாரத்தைப் பறித்தார்கள். 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்ததால் அதிகாரம் திரும்பியது. ஆவணம் இல்லாமல் ஆத்திரத்தில் புகார் எழுதக் கூடாது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு.

வேறோர் ஆபத்தும் இருக்கிறது. 2012 நவம்பரில் பெங்களூரிலேயே தகவல் உரிமை ஆர்வலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதனால் ஒருவர் பெயரில் தனி மனு போடுவதைவிட, குடியிருப்போர் சங்கத்தில் பேசிவிட்டு நாலைந்து பேர் தனித்தனியே ஒரே கேள்வியைக் கேட்பது பாதுகாப்பானது.

இவை எல்லாம் பணம் போன பிறகு. போவதற்கு முன்பே தடுத்ததும் இந்த ஊர்தான். பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை 6.7 கிலோமீட்டர் இரும்பு மேம்பாலம், சுமார் 1,800 கோடி, வெட்டப்படவிருந்த மரங்கள் 800-க்கு மேல். 2016 அக்டோபர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது, ஒரு தூண்கூட எழும்பாமல்.

இப்போது அதே ஹெப்பாலிலிருந்து சில்க் போர்டு வரை ஏறக்குறைய 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலை பேச்சில் இருக்கிறது. செலவு மதிப்பீடு 17,000 கோடிக்கு மேல். விரிவான திட்ட அறிக்கையின் நகல், அதைத் தயாரிக்கக் கொடுத்த கட்டணம், போக்குவரத்துக் கணிப்பு, சுங்கம் எவ்வளவு என்பது: இந்த நான்கையும் தனித்தனி மனுக்களாகப் போட்டால் மொத்தம் 40 ரூபாய் ஆகும்.